வாசலில் கிடந்த எலுமிச்சை மூடிகள்

திண்டிவனம்
11-9-2024

திருமதி செண்பகம் அவர்களுக்கு,

உங்கள் புது வீட்டு வாசலில் நான் செய்வினை வைத்தேன் என்று விழுப்புரத்திலும் விக்கிரவாண்டியிலும் சொல்லப்படுவது தவறு. நான் வைத்தது எலுமிச்சை மூடி. சாறு பிழிந்து முடித்த எலுமிச்சை மூடி.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் நீங்கள் ஐயருக்கும் சமையல்காரருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தீர்கள். நடந்தது முழுதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே எழுதுகிறேன்.

விருந்துக்கு என் பங்காக ஒரு சாலட் செய்து தருவதாக முன்பே சொல்லியிருந்தேன். வெங்காயத்தைத் தயிரில் போட்டுவிட்டு அதற்கு சாலட் என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பாது. வெள்ளரி, கேரட், தக்காளி எல்லாவற்றையும் பந்திக்குச் சற்று முன்னால் நறுக்கிக்கொள்ளலாம். அதன் மேல் ஊற்றும் டிரெஸ்ஸிங்கை முந்தின நாளே செய்து வைப்பதுதான் முறை. எனவே வியாழக்கிழமை மாலையில் வந்து, புது வீட்டின் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழங்களைப் பிழிந்தேன். கடலை எண்ணெயும் மற்றவையும் சேர்த்து, பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, உங்கள் வாடகை வீட்டு பிரிட்ஜில் வைத்தேன். நீங்கள் தங்கச் சொன்னதால் இரவு அங்கேயே தங்கினேன்.

மூடிகள் மிஞ்சின. கேட் ஓரம் நீங்கள் புதிதாக நட்டிருந்த செம்பருத்தியில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. எலுமிச்சைத் தோலின் வாசனைக்கு எறும்பு அண்டாது. ஆகவே அந்த மூடிகளைச் செடியைச் சுற்றி அடுக்கினேன். எதையும் அலங்கோலமாகப் போட எனக்கு வராது. வட்டமாக, வெட்டுவாய் மேலே பார்க்க, சமமாக இடம் விட்டு அடுக்கினேன். குற்றம் இதுதான்.

மறுநாள் காலை, முதலில் கேட்டைத் திறந்த உங்கள் நாத்தனார் திருமதி ருக்கு அலறினார். "யாரு வெச்சது, யாரு வெச்சது" என்று கேட்டார். "நான்தான் வைத்தேன்" என்று சொன்னேன். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அது. அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். யாரோ இடுக்கி கொண்டுவந்து மூடிகளை எடுத்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். ஏன் வைத்தீர்கள் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று நின்றேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கினேன். உங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்தில் நான் சாப்பிட்ட விருந்து அதுதான்.

நான் முப்பது வருடம் தட்டச்சுப் பள்ளி நடத்தியவள். ஓர் எழுத்து தவறினாலும் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வைத்தவள். என் பெயரில் ஒரு பிழை ஊரில் உலவுவதை அனுமதிக்க மாட்டேன். இதைக் கேட்டவர்கள் எல்லாரிடமும் நீங்கள் திருத்திச் சொல்ல வேண்டும். சொல்லும் வரை உங்கள் வாசற்படியை நான் மிதிப்பதாக இல்லை, உள்ளே இருப்பது என் ஒரே மகளாக இருந்தாலும்.

பாட்டிலைத் திருப்பி அனுப்பவும். அகன்ற வாயும் இறுகிய மூடியும் உள்ள கண்ணாடி பாட்டில் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை.

போனில் குரல் பதிவு செய்து அனுப்பினால் அதை நான் பதிலாக ஏற்க மாட்டேன்.

அமலா அப்பாதுரை


விழுப்புரம்
16-9-2024

அன்புள்ள சம்பந்தி அக்காவுக்கு,

செண்பகம் எழுதிக்கொள்வது. நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. பேப்பரும் பேனாவும் வாங்கிவரச் சொன்னதற்கு உங்கள் மருமகன் புகழேந்தி, "எதுக்கும்மா இதெல்லாம், ஒரு போன் போட்டா முடிஞ்சிடும்" என்றான். "உன் மாமியாருக்கு நீ போடுடா, பாக்கலாம்" என்றேன். ஓடிப்போய் வாங்கிவந்தான்.

நீங்கள் சாப்பிடாமல் போனது எனக்குத் தெரிந்தபோது முதல் பந்தி முடிந்திருந்தது. அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை அக்கா. அந்த வேர்க்கடலை விஷயத்தைப் படித்தபோது இன்னும் சங்கடமாகிவிட்டது. அது மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் எங்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். வெறும் எலுமிச்சை மூடியாக இருந்தால் யாரோ ஜூஸ் போட்டிருக்கிறார்கள் என்று நானே கூட்டித் தள்ளியிருப்பேன். எல்லா மூடிக்குள்ளும் சிவப்பு, அக்கா. வெட்டின எலுமிச்சம்பழம், உள்ளே சிவப்பு, செடியைச் சுற்றி வட்டம், அதுவும் கிரகப்பிரவேசத்துக் காலையில். ருக்கு அண்ணி, "குங்குமம் தடவி வட்டம் கட்டி வெச்சிருக்காங்கடி செம்பகம், எவ கண்ணோ வீட்டு மேல" என்று கத்தினபோது எனக்கே கை கால் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து நீங்கள் வந்து, விறைப்பாக நின்றுகொண்டு, "நான்தான் வைத்தேன்" என்கிறீர்கள். வகுப்பில் ஆஜர் சொல்வது போல. அப்புறம் யார் என்ன கேட்பார்கள்?

அது போகட்டும் என்றால், வாடகை வீட்டிலிருந்து பிரிட்ஜை மாற்றும்போது அந்த பாட்டில் அண்ணி கையில் சிக்கிக்கொண்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இன்னாடி இது, மேல எண்ணெ கீழ தண்ணின்னு பிரிஞ்சிக்கினு நிக்குது?" என்றார். "காய்க்கு ஊத்துற டிரெஸ்ஸிங் அண்ணி" என்றேன். "காய்க்கு இன்னாத்துக்கு டிரெஸ்ஸிங்? எங்கனா அடிபட்டுதா? இது மருந்துடி. சாக்கடையில ஊத்து" என்றார். ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு மாவுக் குண்டானுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் போனதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிதான் எடுத்தது.

உங்கள் மகள் இசைவாணி அண்ணியோடு பேசுவதில்லை. அண்ணி வந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாள். என்னிடம், "எங்கம்மா யாருக்காவது செய்வினை வெக்கணும்னா ரிஜிஸ்டர் தபால்ல வெப்பாங்க அத்தே, ரசீதோட" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் அழுதாள். அதனால்தான் பேப்பர் வாங்கிவரச் சொன்னேன்.

அண்ணியை நான் எடுத்தெறிந்து பேச முடியாது. என் வீட்டுக்காரருக்கு அம்மா இல்லாத குறையைத் தீர்த்தவர். விக்கிரவாண்டியிலிருந்து தினமும் வந்து வேலை செய்தார். பரணில் கிடந்து கறுத்துப்போன எங்கள் குத்துவிளக்கு அன்றைக்குத் தங்கமாக மின்னியது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். வந்தவர்களெல்லாம் யார் தேய்த்தது என்று கேட்டார்கள். அண்ணிதான் தேய்த்திருக்கிறார். இப்படிப்பட்டவரைப் போய் நாலு பேர் முன்னால் "நீங்க சொன்னது பொய்" என்று எப்படிச் சொல்வேன்?

எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள் அக்கா. அந்தச் சிவப்பு என்ன?

செண்பகம்


திண்டிவனம்
20-9-2024

செண்பகம் அவர்களுக்கு,

செங்கல் தூள்.

சிவப்பைப் பற்றித்தான் இத்தனை கூச்சல் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும் வரை எனக்குத் தெரியாது. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தே பயந்தீர்கள் என்று நினைத்திருந்தேன்.

பழம் பிழிந்து முடித்தபோது, தொட்டியடியில் உங்கள் குத்துவிளக்கு சாக்குத் துணியில் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தேன். மறுநாள் ஏற்ற வேண்டிய விளக்கு அந்த நிலையில் இருக்கக் கூடாது. பக்கத்தில் கட்டட வேலையில் மிஞ்சிய உடைந்த செங்கல் இருந்தது. அதைக் கல்லில் இழைத்துத் தூளாக்கி, பிழிந்த மூடியில் தொட்டுத் தேய்த்தேன். நான் படித்த கான்வென்டில், சேப்பலின் பித்தளை மெழுகுத்திரித் தண்டுகளை இப்படித்தான் தேய்க்க வைப்பார்கள். மூடியில் மிச்சமிருக்கும் புளிப்பு களிம்பை எடுக்கும், செங்கல் கறையை எடுக்கும். பிறகு கழுவி, உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி சுற்றி வைத்தேன். அதன் பிறகுதான் மூடிகளைச் செடிக்குக் கொண்டுபோனேன்.

விளக்கை யார் தேய்த்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செய்த வேலையைச் சொல்லிக்காட்டுவது எங்களுக்குப் பழக்கமில்லை. திருமதி ருக்கு அதைத் தாம் தேய்த்ததாகச் சொன்னது பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இசைவாணி அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பேசும்போது நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறாள். அவள் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளவும்.

பாட்டிலைப் பற்றி: அது பிரிந்து நிற்பது இயல்பு. எண்ணெயும் சாறும் வைத்தால் பிரியும், குலுக்கினால் சேரும். குலுக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எதுவும் மருந்து போலத்தான் தெரியும். எலுமிச்சைச் சாறு ஒரு வாரத்துக்கு மேல் சுவை கெட்டுவிடும். இந்நேரம் அதைக் கொட்டிவிடவும். நீங்கள் ருசி பார்த்ததாக எழுதியதால் செய்முறை தருகிறேன். இதைத் தவறாகச் செய்கிறவர்கள் அதிகம்.

எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, கடலை எண்ணெய் மூன்று பங்கு. எண்ணெய் செக்கில் ஆட்டியதாக இருக்க வேண்டும். நான் ஒலக்கூரிலிருந்து வரவழைக்கிறேன். புளிப்பின் முனையை மழுக்க அரைச் சாத்துக்குடியின் சாறும் ஒரு ஸ்பூன் தேனும். பழத்தைப் பிழிவதற்கு முன்னால் மஞ்சள் தோலை மட்டும் மேலாகத் துருவிச் சேர்க்க வேண்டும். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி பட்டால் கசக்கும். கடுகுப் பொடி கால் ஸ்பூன், அதுதான் எண்ணெயையும் சாற்றையும் கொஞ்ச நேரம் சேர்த்து வைப்பது. உப்பைச் சாற்றில் முதலில் கரைக்கவும், எண்ணெயில் உப்பு கரையாது. மிளகு இடித்தது. பாட்டிலில் ஊற்றி, கை வலிக்கும் வரை குலுக்கவும். காயில் ஊற்றுவது பரிமாறும் சமயத்தில் மட்டும்.

திருத்தம் சொல்லியாகிவிட்டதா என்பதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

அமலா அப்பாதுரை


விழுப்புரம்
2-10-2024

அன்புள்ள அமலா அக்காவுக்கு,

இப்போது உட்கார்ந்து படியுங்கள். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது, நடுவில் எழுந்து போகக் கூடாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நேராகப் போய் விளக்கைப் பார்த்தேன். பாதத்து ஓரம், அந்தச் சின்ன வளையத்துக்குள்ளே, நூல் மாதிரி சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். செங்கல்தான். எங்கள் வீட்டு விளக்கைத் தேய்த்த கையை நாங்கள் என்ன சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

அண்ணியிடம் உடனே சொல்லவில்லை. நான் ஒன்றும் அவ்வளவு நல்லவள் இல்லை. நவராத்திரி வருகிறது, விளக்குத் தேய்க்க வேண்டுமே என்று அவரைக் கூப்பிட்டேன். "கிரகப்பிரவேசத்துக்குத் தேச்சீங்களே, அதே மாதிரி தேச்சிக் குடுங்க அண்ணி. எனக்கு வராது" என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அண்ணி முதலில் புளி போட்டார். பிறகு கடையில் விற்கிற பவுடர். பிறகு புளியும் பவுடரும் சேர்த்து. மதியம் ஆனது. விளக்கு அழுமூஞ்சியாக நின்றது.

நான் பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்து உங்கள் டிரெஸ்ஸிங் செய்துகொண்டிருந்தேன். இங்கே ஒரு தப்பு நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் மூன்று பங்கு என்று எழுதினீர்கள். அடுப்பில் வைக்கக் கூடாது என்று எழுதவில்லை. எண்ணெய் என்றால் காய்ச்சாமல் யார் ஊற்றுவார்கள்? பச்சை எண்ணெய் வயிற்றுக்கு ஆகுமா? வாணலியில் மல்லாட்டை எண்ணெயை, அதாவது நீங்கள் சொன்ன கடலை எண்ணெயைக் காயவைத்து, கடுகுப் பொடிக்குப் பதிலாகக் கடுகே போட்டு, வெடித்ததும் கொஞ்சம் பெருங்காயம் போட்டு, சாற்றோடு சேர்த்து அப்படியே வெள்ளரி மேல் கொட்டினேன். சொய்யென்று ஒரு சத்தம். வெள்ளரி வெந்தே போய்விட்டது. வாசனை தெரு முனை வரைக்கும் போனது. இசைவாணி வந்து எட்டிப் பார்த்து, "அத்தே, எங்கம்மா இத்த பாக்கக் கூடாது" என்றாள். புகழேந்தி வந்தான். இதற்குப் பெயர் என்னவென்று கூடக் கேட்கவில்லை. சோற்றில் போட்டுப் பிசைந்து கிண்ணத்தைக் காலி செய்துவிட்டான்.

அப்புறம், பிழிந்த மூடி ஒன்றை எடுத்தேன். செங்கல் தூளை முன்கூட்டியே இழைத்து வைத்திருந்தேன். அதில் தொட்டு, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கின் ஒரு முகத்தை மட்டும் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. அண்ணி விளக்கைப் பார்த்தார். என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். உள்ளே சிவப்பு. இசைவாணி வந்து அந்த மூடிகளைத் தட்டில் அள்ளிக்கொண்டு போய், செம்பருத்தியைச் சுற்றி வட்டமாக, வெட்டுவாய் மேலே பார்க்க அடுக்கினாள். நீங்கள் பெற்றவள்தானே, ஒரு மூடி தள்ளி இருந்ததைத் திரும்பப் போய் நகர்த்தி வைத்தாள்.

அண்ணி கேட் வரைக்கும் நடந்துபோய் நின்றார்.

"செங்கல்லா?" என்றார்.

"செங்கல்லுதான் அண்ணி."

"வெளக்கும் அவங்கதானா?"

"அவங்கதான்."

குனிந்து ஒரு மூடியை எடுத்து உள்ளே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எல்லாரும் யாரு தேச்சது, யாரு தேச்சதுன்னு கேட்டுக்கினே இருந்தாங்கடி. ஒருத்தரும் வாயத் தொறக்கல. நல்ல பேரு ஒண்ணு சும்மா கெடந்துது. நான் எடுத்துக்கினேன்."

அக்கா, எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. இசைவாணியும் சிரித்துவிட்டாள். அண்ணி அவளைப் பார்த்து, "சிரிக்காதடி, எனக்கே கேவலமா இருக்குது" என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலமே எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் அண்ணி பேசி அனுப்பினார். குரல் பதிவை நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்பதால், அவர் பேசினதை ஒரு வார்த்தை விடாமல் கீழே எழுதியிருக்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம், ருக்கு பேசறேன். விழுப்புரம் வூட்டு வாசல்ல சம்பந்தியம்மா வெச்சது செய்வினை இல்ல. வெளக்கு தேச்ச மூடி. வெளக்கத் தேச்சதும் அவங்கதான், நான் இல்ல. எறும்பு வரக் கூடாதுன்னு செடியாண்ட வெச்சிருக்காங்க. நான் தெரியாம பேசிட்டேன். இத்தப் பத்தி யாரும் எனக்கு போன் பண்ணாதீங்க, ரொம்ப பேஜாரா இருக்குது."

நான் எழுதினதைப் படித்துக் காட்டினேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார், பாருங்கள். "ருக்கு" என்பதற்கு அப்புறம் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். உங்களுக்கு அனுப்புவதாயிற்றே என்று சரியாக இருக்க வேண்டுமாம்.

இனி நீங்கள் வர வேண்டும். ஆயுத பூஜைக்கு வாருங்கள் அக்கா. அன்றைக்கு ஊரே எலுமிச்சம்பழம் வெட்டும். பைக், லாரி, மாவு மெஷின் எதையும் விட மாட்டார்கள். எல்லா வாசலிலும் சிவப்புத் தடவின மூடி கிடக்கும். நீங்கள் எத்தனை வைத்தாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பாட்டிலைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும். நீங்களே வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அன்புடன்
செண்பகம்

ருக்கு.


திண்டிவனம்
7-10-2024

அன்புள்ள செண்பகத்துக்கு,

திருத்தம் கிடைத்தது. படித்தேன். போதுமானது. கையெழுத்துக்குப் பின்னால் புள்ளி தேவையில்லை, ஆனால் நோக்கம் நல்லது என்று அவரிடம் சொல்லவும்.

எண்ணெயைக் காய்ச்சக் கூடாது என்று நான் எழுதாதது என் பிழைதான். யாரும் சாலட் டிரெஸ்ஸிங்கைத் தாளிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். மற்றவர்கள் பிழையைத் திருத்தச் சொல்லுகிறவள் தன் பிழையையும் திருத்த வேண்டும். ஆகவே இங்கே திருத்துகிறேன்: எண்ணெயை அடுப்பில் வைக்கக் கூடாது.

இதை எழுதிய பிறகு, உண்மையை மறைப்பது முறையல்ல என்பதால் இன்னொன்றையும் எழுதுகிறேன். நேற்று எண்ணெயில் கடுகு தாளித்து, முழுதாக ஆறவிட்டு, அதன் பிறகு சாற்றோடு குலுக்கிப் பார்த்தேன். பெருங்காயம் சேர்க்கவில்லை; அதற்கு நான் இன்னும் தயாராக இல்லை. மோசம் என்று சொல்ல முடியாது. இரண்டு முறை எடுத்துச் சாப்பிட்டேன். காய் வேகக் கூடாது, அவ்வளவுதான். மருமகனிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு நான் வர மாட்டேன். நீங்கள் அன்போடுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் ஊர் முழுக்க எலுமிச்சை மூடி கிடக்கிற நாளாகப் பார்த்து, என்னுடையது தெரியாதபடி நான் வர வேண்டிய அவசியம் இல்லை. பூஜை முடிந்து, தெருவைக் கூட்டி, உங்கள் வாசல் சுத்தமாக இருக்கும் நாளில் வருகிறேன். 13ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் முதல் பூசை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் பத்து மணிக்குள் வந்துவிடுவேன். திருமதி ருக்கு அவர்களும் அன்று அங்கே இருக்க வேண்டும். கேட்டைத் திறப்பவர் அவராகவே இருந்தால் நல்லது.

சாலட் நான் செய்கிறேன். பழமும் எண்ணெயும் கொண்டுவருகிறேன், நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். வெள்ளரி மட்டும் பிஞ்சாகப் பார்த்து வாங்கி வைக்கவும். திருமதி ருக்கு அவர்களுக்காகத் தனியாக ஒரு பாட்டில் தருவேன். குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விளக்கின் மீதி முகங்களை இதற்குள் தேய்த்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தேய்க்காமல் இருந்தால் அவரும் நானும் சேர்ந்து தேய்க்கிறோம். யார் தேய்த்தது என்று பிறகு குழப்பம் வராது.

இசைவாணி மூடியைத் திரும்பப் போய் நகர்த்தி வைத்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை மட்டும் மறுபடியும் படித்தேன்.

முப்பது பழம் கொண்டுவருவதாக இருக்கிறேன். அறுபது மூடி சேரும். பிழிந்த பிறகு அவற்றை எங்கே போட வேண்டும் என்பதை நான் புறப்படுவதற்கு முன்னால் எழுத்தில் தெரிவிக்கவும்.

அன்புடன்
அமலா அப்பாதுரை